குழலில் அடித்த பெயர்

வேட்டை தொடங்கிவிட்டால் என் கொட்டகையில் கால் வைக்க இடம் இருக்காது. எல்க் மானைச் சுட்டவன் எவனும் தானே அறுத்துக்கொள்வதில்லை. வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு நேரே மேவிஸிடம், அதாவது என்னிடம், வந்துவிடுவான். தோலை உரிப்பதும், எலும்பைக் கழிப்பதும், பன்றிக் கொழுப்புச் சேர்த்து அரைத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டுவதும் என் பிழைப்பு. ரத்தமும் குடலும் எனக்கு அருவருப்பே இல்லை. பெரிய தோட்டா பட்டு வரும் முன்சப்பைதான் அருவருப்பு. எலும்பு தூளாகி, சதை கூழாகி, ரத்தம் கட்டி ஊதா நிறத்தில் கொழகொழவென்று தொங்கும். நல்ல கறியில் பாதியை வெட்டி வாளியில் எறிய வேண்டியிருக்கும். சுட்டவனோ பக்கத்தில் நின்று, "பாத்து வெட்டு மேவிஸ், வேஸ்ட் பண்ணிராத" என்று எனக்குப் புத்தி சொல்வான்.

ஆர்லிஸ் கொண்டுவரும் மான் அப்படி இருந்ததே இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், என் கொட்டகைக்கு நேரெதிர் வீடு அவளுடையது. வருஷத்துக்கு ஒரு பெண் மான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பனியில் ஊர்ந்து கிட்டே போய், நெஞ்சுக்கூட்டில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான். அந்த மான்தான் அவளுக்கும் அவள் புருஷன் ஓர்விலுக்கும் வசந்தம் வரை சாப்பாடு. மரம் அறுக்கும் மில்லில் ஓர்வில் முதுகை உடைத்துக்கொண்டதிலிருந்து ஊன்றுகோலும் ஜன்னலோர நாற்காலியும்தான் அவனுக்குக் கதி.

ஆர்லிஸுக்கு இன்னொரு வேலை இருந்தது. குளிர்காலத்தில் தீயணைப்புக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பாள். மொன்டானாவில் அந்த வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு வேட்டை அனுமதி கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் துப்பாக்கி தூக்கும் பாதிப் பேர் அவள் கையில் குட்டுப்பட்டவர்கள். சம்பளம் கிடையாது, சாயங்காலம் முழுக்கத் தொண்டை கட்டும், ஆனாலும் அது அவளுக்கு உயிர். கடைத்தெருவில் மீசை முளைத்த ஆண்கள் அவளைப் பார்த்தால் தங்களையறியாமல் முதுகை நிமிர்த்துவார்கள். வேறு யாரும் அவளுக்குத் தராத மரியாதை அது, அவளே சம்பாதித்தது.

அவள் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு தோட்டா போடும் துப்பாக்கி. அடியில் இருக்கும் லீவரைக் கீழே இழுத்தால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை அப்படியே இறங்கிக்கொள்ளும். விரலால் தோட்டாவை உள்ளே தள்ளி லீவரைத் தூக்கினால் கட்டை மேலே ஏறி வாயை அடைத்துவிடும். அந்தக் கட்டைக்கு அசாத்திய வலு. "ஒத்தைத் தோட்டாதான்னு தெரிஞ்சா ஒழுங்காச் சுடுவாங்க" என்பாள் ஆர்லிஸ். முப்பது-ஆறு என்று இங்கே சொல்கிற சாதாரணத் தோட்டாதான் அதற்கு. குழலின் மேல் அந்தப் பெயர் பொறித்திருக்கும்.

அந்தச் செப்டம்பரில் துப்பாக்கியைச் சரிபார்த்து அலமாரியில் வைத்துவிட்டு, வில் வேட்டைக்காரர்களின் கூடாரத்துக்குச் சமைக்க மலைமேல் போனாள் ஆர்லிஸ். அவள் தலை மறைந்ததும் ஓர்விலின் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

நடக்க முடியாதவர்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே சுட அரசாங்கம் அனுமதி தருகிறது. அவனும் வாங்கியிருந்தான். ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் மான் எங்கோ எதிர்ச்சரிவில் நிற்கும். மதுக்கடையில் அவனைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். "பொண்டாட்டி கறி கொண்டாருவா, நீ வெங்காயம் உரிச்சு வை ஓர்வில்" என்று எவனோ சொன்னானாம். தூரமாய்ப் பாயும் மேக்னம் தோட்டா வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அவனுடைய பழைய துப்பாக்கி அதைத் தாங்காது. தாங்கக்கூடியது வீட்டில் ஒன்றுதான்.

டெல்மர் என்று ஒருவன், ஊர்க்கோடியில் வண்டிக் கொட்டகையில் லேத் வைத்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வேலை செய்கிறவன். ஆர்லிஸின் துப்பாக்கியை ஓர்வில் அவனிடம் கொடுத்தான். குழலின் பின்வாயில் தோட்டா உட்காரும் அறையைப் பெரிய தோட்டாவுக்கு ஏற்றபடி துருவி அகலப்படுத்தினான். சுட்டபின் வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியையும் ராவிச் சரி செய்தான். வேலை சுத்தமாகத்தான் செய்தான், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வேலைக்குக் கடைசியாக ஒரு காரியம் உண்டு. குழலில் பழைய பெயரின்மேல் கோடு போட்டுவிட்டுப் புதுத் தோட்டாவின் பெயரை, எழுத்து பொறிக்கும் அச்சுளியால் அடிக்க வேண்டும். அகலமான அறையில் பழைய சின்னத் தோட்டாவைப் போட்டால் கூடு கிழிந்து நெருப்பு பின்பக்கம் பாயும். அதை அடிக்காமல் எவனும் துப்பாக்கியைக் கையைவிட்டு அனுப்பக் கூடாது.

இவன் அனுப்பினான். அந்த நீலப் பளபளப்பைக் கொத்திக் கெடுக்காதே என்று ஓர்வில் கேட்டுக்கொண்டானாம். அதோடு அது பரிசு வேறு! ஆர்லிஸின் பிறந்தநாள் வேட்டை தொடங்கிய வாரக் கடைசியில் வரும். அன்றைக்குப் புதுத் தோட்டாப் பெட்டியைக் கலர் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்து அசத்தப்போகிறானாம். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டு அதற்குப் பெண்டாட்டி பெயரில் பரிசு என்று காகிதம் சுற்றுகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 

வேட்டை தொடங்கியதுமே பனி முந்திக்கொண்டு விழுந்தது. மான்கள் கீழே இறங்கிவிட்டன. பிறந்தநாள் வரை மான் காத்திருக்குமா? ஓர்வில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்லிஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்சரிவில் ஏறிவிட்டாள்.

நான் கொட்டகையில் காபியைக் குடித்துவிட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் லீவர் திறந்த துப்பாக்கி. இன்னொரு கையால் முகத்தில் பனிக்கட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் சிவப்புத் தண்ணீர் வழிந்தது.

"என்னடி ஆச்சு?"

"பின்பக்கமா வெடிச்சிருச்சு. ஒரு கண்ணு தெரியல மேவிஸ். இன்னொன்னும் தண்ணியா ஓடுது."

"உக்காரு. வண்டிய எடுக்கறேன்."

"இரு. மொதல்ல இதப் படி. குழல்ல என்ன எழுதியிருக்கு?"

"இப்ப அதுவாடி முக்கியம்?"

"படின்னு சொல்றேன்ல."

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். "முப்பது-ஆறுன்னு போட்டிருக்கு."

"வேற?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வேற ஒன்னுமில்ல."

"அப்ப நான் போட்டது சரிதான்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். பனிக்கட்டியை எடுத்தபோது வலது கன்னம் முழுக்கக் கருமருந்து குத்திய புள்ளிகள், இமை வீங்கிக் கோழித் தொண்டை மாதிரி மடிந்து கிடந்தது.

மிசூலா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அதையே பேசினாள். "உள்ள போடும்போது லொடக்குன்னு விழுந்துச்சு. கவனிச்சேன். கையுறை போட்ருக்கேன், கை மரத்திருக்கு, அதனால தெரியலன்னு நெனச்சேன். மான் எதுக்க நிக்குது. பிள்ளைங்களுக்கு என்ன சொல்லுவேன்? சந்தேகம் வந்தா நிறுத்துன்னுதான சொல்லுவேன்? நான் நிறுத்தல."

"வாய மூடிட்டு வா. எவன் கை வச்சானோ அவன் பதில் சொல்லட்டும்."

"எவனும் கை வைக்கலியே. அலமாரியிலதான இருந்துச்சு."

ஓர்விலின் மூஞ்சி என் கண்முன் வந்து நின்றது.

கண்ணைக் கழுவிப் பித்தளைத் துணுக்குகளை எடுத்தார்கள். நிழல் மட்டும் தெரியும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவளை அங்கே படுக்க வைத்துவிட்டு மறுநாள் திரும்பினேன், அறுக்க வேண்டிய மான்கள் தொங்கிக்கொண்டிருந்தனவே.

கொட்டகையில் ஒரு கும்பல் கூடியிருந்தது. நான் போட்டுவிட்டுப் போன துப்பாக்கி என் வெட்டுமேஜைமேல் கிடந்தது. அதைச் சுற்றி நாலைந்து பேர், நடுவில் டெல்மர். வாய் பிளந்து பூ மாதிரி விரிந்துபோன பித்தளைக் கூட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர்வில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான்.

"கட்டை ஒரு மயிரிழை நகரல பாரு" என்றான் டெல்மர். "வேற துப்பாக்கியா இருந்தா மண்டையப் பிளந்திருக்கும்."

"யப்பா! இந்தக் கூட்டப் பாரேன், எப்படி ஊதியிருக்கு!"

"இரும்புன்னா இதான்யா இரும்பு."

"லீவரு இன்னும் வெண்ணெயா எறங்குது."

ஒருவன் லீவரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி விளையாடினான். டக், டக். மற்றவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். ஆர்லிஸுக்கு எப்படியிருக்கிறது என்று ஒருவன் வாயிலிருந்தும் வரவில்லை. அவள் புருஷன் வாயிலிருந்துகூட வரவில்லை. அத்தனை வருஷம் குடலுக்குள் கைவிட்டு வேலை பார்த்தவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கொட்டகை நாறியது.

"ஒரு கண்ணு போச்சு. யாராச்சும் கேட்டீங்களா?" என்றேன்.

சிரிப்பு அடங்கியது. டெல்மர்தான் தொண்டையைச் செருமினான். "பாவந்தான் மேவிஸ். யாரு இல்லைன்னா? ஆனா யாரா இருந்தாலும் தோட்டாவப் பாத்துப் போடணும்ல. அதுவும் வகுப்பெடுக்கறவ."

"எதப் பாத்துப் போடணும்? குழலப் பாத்தா?"

அவன் ஓர்விலைப் பார்த்தான். ஓர்வில் தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாத்திட்டீங்களா?" என்றேன். "அவகிட்டச் சொல்லாம மாத்திட்டீங்களாடா?"

"சர்ப்ரைஸா கொடுக்கலாம்னு..." என்று முனகினான் ஓர்வில்.

"எல்லாரும் வெளிய போங்க. என் மேஜைய நான் கழுவணும்."

போனார்கள். அவசரத்தில் ஒரு தப்புச் செய்தேன், துப்பாக்கியையும் அவர்களோடு போக விட்டேன். அது அந்த வீட்டுச் சாமான்தானே என்று நினைத்தேன்.

ஆர்லிஸை நான் அழைத்துவந்தபோது கண்ணில் வெள்ளைத் துணிக்கட்டு இருந்தது. வண்டியில் வைத்தே எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் நேரே வீட்டுக்குள் போய் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகப் போட்டாள். நானும் கூடவே உள்ளே போயிருந்தேன். மான் கறி இல்லாததால் யாரோ கொண்டுவந்து கொடுத்த சப்பை பாத்திரத்தில் கிடந்தது. மேக்னம் அடித்த சப்பை, ஊதா நிறக் கூழ். அதைப் பார்த்துவிட்டு அவள் மூடிவைத்தாள்.

ஓர்வில் நாற்காலியிலிருந்து, "கால்வர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு" என்றான். மாவட்டத்தில் வகுப்புகளை மேற்பார்க்கிற அதிகாரி கால்வர். "தப்புத் தோட்டா போட்டது உண்மையான்னு கேக்கறாரு. உண்மைன்னா இந்த வருஷம் வகுப்பு வேற யாராச்சும் எடுக்கட்டும்னு சொல்றாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீ வந்து பேசுவன்னு சொன்னேன். இங்க பாரு ஆர்லிஸ், ஒரு வார்த்தைதான. இருட்டுல தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிரு. டெல்மருக்கு லைசென்ஸ் கெடையாது. தெரிஞ்சா கடைய மூடி உள்ள தள்ளிருவாங்க."

"எனக்கு?"

"ஒனக்கு என்ன? வகுப்புதான போகும். சம்பளமா தரானுவ?"

நான் வாயைத் திறந்தேன். ஆர்லிஸ் கையைக் காட்டி அடக்கினாள். "ஓர்வில், குழல்ல பழைய பேருதான இருந்துச்சு" என்றாள், ரொம்ப மெதுவாக.

அவன் மடியிலிருந்த துப்பாக்கியை எடுத்து நீட்டினான். என்னைப் பார்க்காமல் நீட்டினான். "நல்லாப் பாரு. பழைய பேரு மேல கோடு போட்டு, கீழயே புதுப் பேரு அடிச்சிருக்கு. அவசரத்துல நீ பாக்கல."

அவள் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவிக்கொண்டு கிடந்தபோது இந்த வீட்டில், இந்த மேஜையில், இரண்டு ஆம்பிளைகள் சுத்தியலும் அச்சுளியும் எடுத்துவைத்து அவள்மேல் பழியை எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறார்கள். பளபளப்பைக் கெடுக்காதே என்றவன் இப்போது கெடுக்கச் சம்மதித்திருக்கிறான். புதுக்கொத்து மின்னாமல் இருக்க மேலே கறுப்பு மருந்து தடவியிருந்தார்கள். அந்த மருந்தின் அழுகிய முட்டை நாற்றம் அடுப்பு வாசனையையும் மீறி வந்தது.

ஆர்லிஸ் நல்ல கண்ணைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கட்டைவிரலை எழுத்தின்மேல் வைத்து நிதானமாகத் தேய்த்தாள்.

"பழைய எழுத்து வழவழன்னு இருக்கு. இது அரம் மாதிரி சொரசொரங்குது" என்றாள். "எப்ப அடிச்சீங்க? நேத்தா?"

"நீ என்ன பேசற..."

"அன்னைக்கு காலையில நான் படிச்சேன் ஓர்வில்" என்றேன். "அவ படிக்கச் சொன்னா. ஒத்தப் பேருதான் இருந்துச்சு. எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன்."

"கறி வெட்றவளுக்குத் துப்பாக்கியப் பத்தி என்ன தெரியும்?"

"படிக்கத் தெரியும்டா."

ஆர்லிஸ் உள்ளே போய் வகுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்துவந்தாள். பிள்ளைகளுக்குக் காட்டுகிற வெற்றுத் தோட்டா. மருந்து கிடையாது, பக்கத்தில் ஓட்டை போட்டிருக்கும், எல்லோருக்கும் தெரியும். முப்பது-ஆறு. தன் கம்பளிக் கையுறையையும் துப்பாக்கியையும் அவன் மடியில் போட்டாள்.

"கையுறைய மாட்டு. இதப் போடு."

"எதுக்கு?"

"போடு."

அவன் மாட்டினான். லீவரை இறக்கித் தோட்டாவை வைத்தான். லொடக் என்று உள்ளே விழுந்தது.

"மூடு."

கட்டை ஏறி அடைத்துக்கொண்டது. எதுவும் தடுக்கவில்லை, எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

"இப்பத் தோள்ல வை. செவுத்தப் பாத்துக் குறி வை. சுட வேணாம். கன்னத்த மட்டும் மரக்கட்டையில வை."

ஓர்வில் துப்பாக்கியைத் தூக்கினான். தோளில் வைத்தான். அதற்குமேல் அவன் தலை சாயவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஓட்டை போட்ட வெற்றுத் தோட்டா என்று அவனுக்குத் தெரியும், அவன் கண்ணெதிரே எடுத்துவந்தது. இருந்தும் அந்தக் கன்னம் மரக்கட்டைக்கு வரவில்லை. உதட்டுக்குமேல் வேர்த்துவிட்டது.

"வை ஓர்வில்."

"முடியல."

"நான் வச்சேன்" என்றாள். "ஒன்ன நம்பி வச்சேன்."

துப்பாக்கியை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுக அழுதான். எனக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை, ஆர்லிஸுக்கும் வந்ததாகத் தெரியவில்லை. சுவரிலிருந்த போனில் கால்வரின் நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவன் கையில் திணித்தாள்.

"சார், ஓர்வில் பேசறேன்" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆர்லிஸ் மேல தப்பில்ல சார். நானும் டெல்மரும்தான் வேற தோட்டாவுக்கு மாத்தினோம். அவளுக்குத் தெரியாது. ஆமா சார், பேரு அடிக்கல. அது... அது அப்புறமா அடிச்சது." கண்ணை மூடிக்கொண்டான். "ஆமா சார். எழுதியே தரேன். வகுப்பு அவளே எடுக்கட்டும்."

ஆர்லிஸ் மூச்சை விட்டாள். அடுப்பை அணைத்துக் கிழங்கை வடித்தாள். அந்த நிமிஷம் நான்கூட அவனை மன்னித்துவிட்டிருப்பேன் போலிருக்கிறது.

அந்தப் பக்கம் கால்வர் என்னவோ கேட்டான். ஓர்வில் மூக்கைத் துடைத்தான்.

"முந்நூறு மேக்னம் சார்... இல்ல, கட்டை அசையவே இல்ல! அதான சார் அதிசயம்! கூடு மட்டும் விரிஞ்சிருச்சு... ஆமா, ஆமா, அந்தக் காலத்து இரும்பு... டெல்மர் ஒரு தடவ சுட்டுப் பழகற ரேஞ்சுல போட்டுப் பாத்தான். மூணு தோட்டாவும் ஒரே காசளவுல விழுந்துச்சு சார்!"

அவன் குரல் தெளிந்துவிட்டது. கால்வரும் விடவில்லை, போனுக்குள்ளிருந்து அவன் சிரிப்பு எங்களுக்கே கேட்டது.

ஆர்லிஸ் வடித்த கிழங்கை அப்படியே மேஜைமேல் வைத்தாள். கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டினாள். கண்ணுக்குப் போடும் மருந்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மேவிஸ், ஒன் வீட்ல எடம் இருக்கா?"

"இருக்கு. வா."

கதவை நான்தான் சாத்தினேன், வேண்டுமென்றே படாரென்று சாத்தினேன். சாலையைக் கடந்து என் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் அவன் தெரிந்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு, லீவரை இறக்கி ஏற்றி, போனுக்குப் பக்கத்தில் பிடித்துக் கால்வருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஆள் இல்லை என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.